வட்டம் சுற்றுகிறது, படம் நகரவில்லை: ஸ்ட்ரீமிங் கோளாறுகளுக்கு அறிகுறிவாரியாகக் கைவைத்தியம்

சொந்தக்காரர் வீடுகளில் டிவி மக்கர் செய்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். அத்தை "நெட் போச்சு" என்பார், போயிருக்காது. சித்தப்பா "டிவியே போச்சு" என்பார்; அதுவும் போயிருக்காது. ஒரே பத்துப் புகார்களைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் எதற்குப் பின் எதைப் பார்க்க வேண்டும் என்ற வரிசை மனப்பாடமாகிவிட்டது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

உங்கள் புகார் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ நேரே அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில், கடைக்குப் போக வேண்டியது கடைசியில். நடுவில் தாவாதீர்கள். தாவியவர்கள்தான் புது டிவி வாங்கிவிட்டு "இதுலயும் அப்படியேதான் இருக்கு" என்று போன் செய்தார்கள்.

## எந்தப் புகாரானாலும் முதலில் இது

பிளக்கைப் பிடுங்குங்கள். ரிமோட்டில் அணைத்தால் டிவி தூங்கத்தான் செய்கிறது. செயலி எந்த இடத்தில் சிக்கிக்கொண்டதோ அதே இடத்தில்தான் மறுபடி கண் விழிக்கும். சுவரில் சுவிட்சை அணைத்து ஒரு நிமிடம் விடுங்கள். ரவுட்டரையும் அப்படியே. போடும்போது ரவுட்டர் முதலில், அதன் விளக்குகள் நிலைத்தபின் டிவி. எனக்கு வரும் அழைப்புகளில் பாதி இதோடு முடிந்துவிடும்.

முடியாவிட்டால் மூன்று கேள்விகள்:

- அதே படம், அதே வைஃபையில், போனில் ஓடுகிறதா? ஓடினால் கணக்கு சரி, நெட்டும் பெரும்பாலும் சரி. டிவிப் பக்கம் தேடுங்கள்.
- அதே டிவியில் வேறு செயலி ஓடுகிறதா? ஓடினால் கோளாறு அந்த ஒரு செயலியில்தான்.
- வைஃபையில் ஓடாதது, அதை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஓடுகிறதா? ஓடினால் வீட்டு இணைப்பில் குறை.

எங்குமே எதுவுமே ஓடவில்லை என்றால் அந்தச் சேவையே படுத்திருக்கலாம். ஒரு மணி நேரம் சும்மா இருங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் செயலியை அழித்து, கடவுச்சொல்லை மாற்றி, அதையும் மறந்து, இல்லாத சிக்கலை உண்டாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

திரையில் ஏதாவது குறியீடு வந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நெட்ஃபிளிக்ஸில் என்.டபிள்யூ-2-5 என்று வந்தால் இணைப்புக் கோளாறு. யு.ஐ-800-3 என்றால் டிவியில் சேமித்திருக்கும் தகவல் பழசாகிவிட்டது. வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் பெரும்பாலும் சரியாகும்.

## "சுற்றிக்கிட்டே இருக்கு"

முதல் கேள்வி: எப்போதுமா, இரவில் மட்டுமா?

எப்போதும் சுற்றினால் வேகத்தை அளக்க வேண்டும். அளக்கும் இடம் முக்கியம். ரவுட்டர் பக்கத்தில் நின்று அளந்து "நூறு வருதே" என்பவர்கள், படம் பார்ப்பது மூன்று சுவர் தாண்டி. போனை டிவிக்குப் பக்கத்தில் வைத்து, ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் பாருங்கள். அது நெட்ஃபிளிக்ஸின் சர்வர்களிலிருந்தே அளப்பதால் படம் வரும் பாதையின் நிலவரம் தெரியும். பிறகு ரவுட்டர் அருகே ஒருமுறை.

நெட்ஃபிளிக்ஸ் சொல்லும் கணக்கு இது: 720பி (எச்டி) தரத்துக்கு நொடிக்கு 3 மெகாபிட், 1080பிக்கு (முழு எச்டி) 5, 4கேக்கு (அல்ட்ரா எச்டி, சுருக்கமாக யுஎச்டி) 15. ஒரு திரைக்கு இவ்வளவுதான். இருநூறு, முந்நூறு என்று திட்டத்தை உயர்த்தச் சொல்லும் விற்பனை அழைப்புகளை இதைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

*இரண்டு இடத்திலும் குறைவு:* இணைப்பு தருபவர் பக்கம் பிரச்சினை. ஆனால் அழைப்பதற்கு முன், வீட்டில் யாராவது பெரிய கோப்பை இறக்குகிறார்களா, போன்களின் புகைப்படங்கள் இணையச் சேமிப்புக்கு (கிளவுட்) ஏறிக்கொண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். அதன்பின் ஒரு மடிக்கணினியை ரவுட்டரில் நேராக வயர் போட்டு, காலை, மாலை, இரவு மூன்று வேளையும் அளந்து எழுதி வையுங்கள். வயரிலும் குறைகிறது என்றால் அப்போது அழையுங்கள். அளவு கையில் இல்லாமல் அழைத்தால் "ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்" என்பதுதான் பதிலாக வரும்.

*ரவுட்டர் அருகே நன்று, டிவி அருகே குறைவு:* வைஃபை. ரவுட்டர் அலமாரிக்குள் இருக்கிறதா? வெளியே எடுங்கள். தரையில் இருக்கிறதா? மேலே வையுங்கள். டிவிக்குப் பின்னாலேயே ஒட்டி வைத்திருந்தால் அதுவும் தப்பு. அந்த உலோகத் தகடு அலையை மறைக்கும். அடுத்து, டிவி வைஃபையின் எந்த அலைப்பட்டையில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் அக்கம்பக்கத்து வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு, புளூடூத் எல்லாம் அதே தெருவில்தான் நடக்கின்றன. ஒரே அறை, பக்கத்து அறை என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். தூரமென்றால் 2.4தான்.

அதற்கும் மசியவில்லை என்றால் ஈதர்நெட் வயர். பல டிவிகளின் வயர் துளை நொடிக்கு 100 மெகாபிட்டுக்கு மேல் போகாது, "வைஃபையே வேகம்" என்று சிலர் சொல்வது அதனால்தான். அவர்கள் சொல்வது காகிதத்தில் உண்மை. ஆனால் 4கேக்கு வேண்டியது 15. நூறு தொட்டுத்தொட்டு அறுந்துபோவதைவிட, அறாமல் வரும் ஐம்பது மேல். வயர் இழுக்க வழியே இல்லாத வீட்டுக்குத்தான் மெஷ் வைஃபை, அதாவது வீடெங்கும் வைத்த பல பெட்டிகள் ஒரே வைஃபையாக வேலை செய்வது. வைஃபையை வாங்கித் தூரத்துக்குக் கடத்தும் நீட்டிப்பான்கள் (எக்ஸ்டெண்டர்) மலிவு, ஆனால் பல நீட்டிப்பான்கள் அலையைப் பெற்ற அதே அலைவரிசையிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகக்கூடும். நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை.

*இரண்டு இடத்திலும் நன்று, டிவியில் மட்டும் சுற்றுகிறது:* டிவியின் நினைவகம் நிறைந்திருக்கும். பார்க்காத செயலிகளை நீக்குங்கள், சிக்கல் தரும் செயலியின் கேஷை (தற்காலிகமாகச் சேமித்த தகவல்) அழியுங்கள், அப்டேட் போடுங்கள். ஸ்டிக் (டிவியின் எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்ட்ரீமிங் குச்சி) வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: அதற்கு மின்சாரம் டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து வருகிறதா? பல துளைகள் தரும் மின்சாரம் ஸ்டிக்குக்குப் போதாது. படம் சூடுபிடிக்கும் நேரத்தில் திணறும், சிலசமயம் தானாக அணைந்து எழும். பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவரில் மாட்டுங்கள். அந்த அடாப்டர் பெரும்பாலும் பிரிக்கப்படாமல் பெட்டியிலேயே தூங்கிக்கொண்டிருக்கும்.

இரவில் மட்டும் சுற்றினால், ஊரே படம் பார்க்கும் நேரத்து நெரிசல். உங்கள் வீட்டில் எதை மாற்றியும் பயன் இல்லை. பகலிலேயே டவுன்லோடு செய்து வைப்பது, தரத்தை ஒரு படி இறக்குவது, இரண்டும் உடனடி வழி. மாதக்கணக்கில் தொடர்ந்தால் இணைப்பு தருபவரை மாற்றுவதுதான் வழி.

## "4கேக்குத்தான் காசு கட்டுறேன், படம் மங்கலா இருக்கு"

காசு அதிகம் வீணாவது இந்தப் புகாரில்தான். உயர்ந்த சந்தாவைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் கீழ்த் தரத்தில் பார்ப்பவர்கள் நிறைய. வட்டம் சுற்றினாலாவது கண்ணில் படும், இது படாது.

முதல் அரை நிமிடம் மங்கலாக இருந்து பிறகு தெளிந்தால் அது கோளாறு இல்லை. வேகத்தை எடைபோட்டு மெல்லத் தரத்தை ஏற்றும் முறை அது. ஐந்து நிமிடம் கழிந்தும் மங்கல் என்றால் இந்த வரிசை:

1. கணக்கின் செட்டிங்ஸ். நெட்ஃபிளிக்ஸில் 'டேட்டா பயன்பாடு' என்ற அமைப்பு ஒவ்வொரு புரொஃபைலுக்கும் தனி. 'குறைவு' என்றிருந்தால் மணிக்கு ஏறத்தாழ 0.3 ஜிபிதான் செலவாகும். 4கே படத்துக்கு அதே ஒரு மணி நேரத்தில் 7 ஜிபி வரை போகும். வித்தியாசத்தை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். டேட்டாவை மிச்சம் பிடிக்க யாரோ என்றோ மாற்றியது அப்படியே நின்றிருக்கும். மாமா ஒருவர் மங்கலைத் தாங்காமல் டிவியையே மாற்றினார். புது டிவியிலும் அதே மங்கல். அவர் புரொஃபைலில் 'குறைவு' என்றிருந்தது. மாற்ற எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
2. சந்தாத் திட்டம். 4கே பல சேவைகளில் மேல் திட்டத்துக்கு மட்டும். கணக்குப் பக்கத்தில் திட்டத்தின் பெயரைப் படியுங்கள், நினைவை நம்பாதீர்கள்.
3. படமே 4கே இல்லை. பழைய படங்கள் பல எச்டி தரத்திலேயே ஏற்றப்பட்டிருக்கும். படத்தின் விவரப் பக்கத்தில் 'அல்ட்ரா எச்டி' குறி இருக்கிறதா பாருங்கள். வாடகைக்கு எடுக்கும்போதும் எச்டி, யுஎச்டி என்று இரண்டு விலை இருந்தால், உங்கள் கருவி யுஎச்டி காட்டுமா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.
4. கணினியில் பார்க்கிறீர்களா? ஒரே கணினியில் ஒரு பிரவுசரில் 4கே வரும், இன்னொன்றில் வராது. நெட்ஃபிளிக்ஸை விண்டோஸில் எட்ஜ் பிரவுசரிலும் மேக்கில் சஃபாரியிலும் பார்த்தால்தான், கணினியும் இடம் கொடுத்தால், 4கே. குரோமில் அதற்குக் கீழேதான்.
5. மலிவான போன், பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டி. வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையில் எல்1, எல்3 என்று படிகள் உண்டு. எல்3 என்றால் பெரிய சேவைகள் பெரும்பாலும் 480பியோடு நிறுத்திவிடும். 'டிஆர்எம் இன்ஃபோ' போன்ற இலவசச் செயலி எந்தப் படி என்று காட்டிவிடும். எல்3ஐ செட்டிங்ஸில் எல்1 ஆக்க முடியாது. ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் போனைக் கொடுக்காதீர்கள்.
6. எச்டிஎம்ஐ துளையும் வயரும். வெளிப் பெட்டியோ ஸ்டிக்கோ வைத்திருந்தால் மட்டும். 4கேக்கு, பெட்டியிலிருந்து டிவி வரை நடுவில் வரும் எல்லாமே எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு முறையை ஏற்க வேண்டும். பழைய சவுண்ட்பார் நடுவில் இருந்தால் அது ஒன்றே போதும் தரத்தை இறக்க. அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டிப் பாருங்கள். டிவியில் எல்லாத் துளையும் ஒன்றல்ல. வேறு துளையில் மாட்டுங்கள். புது வயர் வாங்குவது கடைசி. தங்க முலாம் பூசிய வயர் வேண்டாம். 18 கிகாபிட் என்று சான்று பெற்ற சாதாரண வயர் போதும்.

## "சத்தம் வருது, படம் கருப்பு"

போன் திரையை அப்படியே டிவிக்கு அனுப்பும் 'ஸ்கிரீன் மிரரிங்' செய்கிறீர்களா? அது கோளாறு இல்லை. திருட்டுப் பதிவைத் தடுக்க வேண்டுமென்றே கருப்பாக்குகிறார்கள். மிரரிங்கை விட்டுவிட்டு, செயலிக்குள்ளேயே இருக்கும் 'காஸ்ட்' பொத்தானைத் தேடுங்கள். அதில் படம் போன் வழியாகப் போகாது, டிவியே நேராக இழுத்துக்கொள்ளும். சில சேவைகள் சில டிவிகளுக்கு அந்தப் பொத்தானையே தருவதில்லை. அப்போது டிவியிலுள்ள செயலிதான்.

மிரரிங் இல்லாமலேயே கருப்பு என்றால் எச்டிஎம்ஐ வயரைக் கழற்றி மாட்டுங்கள், பிறகு வேறு துளை, பிறகு வேறு வயர். எல்லாச் செயலியிலும், டிவியின் மெனுவும்கூடக் கருப்பு என்றால் டிவியைப் பழுது பார்ப்பவரைக் கூப்பிடுங்கள். பின் மூடியை நீங்கள் திறக்க வேண்டாம். அணைத்த பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

## "செயலி திறக்கவே மாட்டேங்குது"

டிவியின் தேதி, நேரம் பாருங்கள். சிரிக்காதீர்கள். மின்சாரம் போய் வந்ததில் தேதி பின்னோக்கிப் போயிருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாமல் போய், எல்லாச் செயலியும் "இணைப்பு இல்லை" என்று சாதிக்கும். நேரத்தைத் தானியங்கிக்கு மாற்றுங்கள்.

அடுத்து செயலியை நீக்கி மறுபடி போடுங்கள். ஸ்டோரிலேயே அது காணோம் என்றால் டிவியின் காலம் முடிந்திருக்கலாம். 2010, 2011இல் வந்த சில சாம்சங் டிவிகளுக்கு 2019 டிசம்பரோடு நெட்ஃபிளிக்ஸ் நின்றது அப்படித்தான். அதற்காக டிவியைத் தூக்கிப் போட வேண்டாம். எச்டிஎம்ஐ துளை இருந்தால் ஒரு ஸ்டிக் போதும்.

## "பாட்டு காதைக் கிழிக்குது, பேசுறது கேக்கல"

ஆறு ஸ்பீக்கருக்குச் செய்த ஒலியை இரண்டு சின்ன ஸ்பீக்கரில் கேட்கிறீர்கள். அந்த ஆறு ஸ்பீக்கர் ஒலிக்குத்தான் 5.1 என்று பெயர்; அதில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குப் போவது. படம் ஓடும்போதே ஆடியோ மெனுவைத் திறந்து '5.1' இல்லாத சாதா ஒலியைத் தேர்ந்தெடுங்கள். டிவியின் ஒலி செட்டிங்ஸில் 'இரவு முறை', 'தெளிவான குரல்' மாதிரி ஏதாவது இருந்தால் போடுங்கள். பிரைம் வீடியோவில் சில படங்களுக்கு வசனத்தை மட்டும் தூக்கிக் காட்டும் ஆடியோவும் உண்டு. சவுண்ட்பார் வாங்குவது இதற்கெல்லாம் பிறகு. வாங்கினால் நடு ஸ்பீக்கர் உள்ளதாக.

உதடும் பேச்சும் பொருந்தவில்லை என்றால் புளூடூத்தைத் துண்டித்துப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். இல்லையென்றால் டிவியில் 'ஏவி சிங்க்' என்ற நகர்த்தி இருக்கும்.

## "சினிமா சீரியல் மாதிரி வழவழன்னு தெரியுது"

டிவி தானாகப் படச் சட்டங்களுக்கு (ஃபிரேம்) நடுவே புதுச் சட்டங்களை இட்டு நிரப்புகிறது. சினிமா பொதுவாக நொடிக்கு 24 சட்டம். டிவி அதை 60 ஆக்கப் பார்க்கிறது. படச் செட்டிங்ஸில் 'மோஷன்' என்று தொடங்கும் எதையும் அணையுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போட்டால் ஒரே அடியில் முடிந்தது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.

## "சந்தா இருக்கு, ஆனாலும் காசு கேக்குது"

பிரைம் வீடியோ போன்றவற்றில் மூன்று கடைகள் ஒரே கூரையின் கீழ்: சந்தாவில் அடங்கியவை, வாடகைக்கு அல்லது விலைக்கு உள்ளவை, தனிச் சேனல் சந்தா கேட்பவை. படத்தின் மேலோ கீழோ இருக்கும் சின்னக் குறியைப் படித்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். வாங்கும்போது ரகசிய எண் (PIN) கேட்கும்படி இன்றே அமைத்துவிடுங்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் இது தாழ்ப்பாள் மாதிரி.

நேற்று இருந்த படம் இன்று இல்லை: குழந்தைகள் புரொஃபைலில் இருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் உரிமக் காலம் முடிந்திருக்கும். ஜஸ்ட்வாட்ச் தளத்தில் பெயரைத் தட்டினால் உங்கள் நாட்டில் அது இப்போது எங்கே ஓடுகிறது, சந்தாவிலா வாடகைக்கா என்று காட்டும். ஒரே படத்துக்காகப் புதுச் சந்தா எடுப்பதா, ஒருமுறை வாடகைக்கு எடுப்பதா என்று அங்கேயே முடிவு செய்யலாம். ஒரு படம்தான் என்றால் வாடகை.

விபிஎன் (வேறு இடத்திலிருந்து இணைவதுபோல் காட்டும் செயலி) போட்டிருக்கிறீர்களா? அணையுங்கள். அது இருந்தால் படப் பட்டியலே சுருங்கிவிடும், சில சேவைகள் ஓடவே மறுக்கும்.

## "வாடகைப் படம் பாதியில போயிடுச்சு"

பழைய கேசட் கடையில் மறுநாள் திருப்பித் தர வேண்டிய அவசரம் இதில் மணிக்கணக்காக வந்திருக்கிறது. பெரும்பாலான கடைகளில் எடுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் தொடங்க வேண்டும்; தொடங்கியபின் 48 மணி நேரம், சில இடங்களில் அதைவிடக் குறைவு. "சரியா ஓடுதான்னு பார்த்தேன்" என்று பத்து நொடி போட்டாலும் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். ஓடுகிறதா என்று பார்க்க முன்னோட்டத்தைப் போடுங்கள், படத்தைத் தொடாதீர்கள்.

தவறி எடுத்துவிட்டால் படத்தை ஓட்டாமல் உடனே ஆர்டர் பக்கத்துக்குப் போங்கள். தொடங்காத படத்துக்குச் சில நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரும் கடைகள் உண்டு. ஓட்டிவிட்டால் பேச்சு எடுபடாது. ஆனால் படம் அவர்கள் பக்கக் கோளாறால் நின்றிருந்தால், குறியீட்டின் படமும் நேரமும் சேர்த்து எழுதுங்கள், பெரும்பாலும் பலன் கிடைக்கும்.

டவுன்லோடு செய்தவைக்கும் இதே மாதிரிக் காலக்கெடு உண்டு. பயணத்துக்கு முந்தின இரவு, நெட் இருக்கும்போதே, ஒவ்வொன்றையும் ஏரோபிளேன் முறையில் திறந்து பாருங்கள். சந்தாப் படங்களுக்குத்தான் இந்தச் சோதனை; வாடகைப் படத்துக்கு ஏன் கூடாது என்று மேலே சொல்லியாயிற்று.

## "நிறைய பேர் பாக்குறாங்கன்னு சொல்லுது"

திட்டத்துக்கு ஏற்ப ஒரே நேரத்துத் திரை எண்ணிக்கை மாறும். நெட்ஃபிளிக்ஸ் ஸ்டாண்டர்டில் 2, பிரீமியத்தில் 4. பார்த்துவிட்டு மூடாமல் விட்ட டேப்லெட்டும் சிலசமயம் கணக்கில் நிற்கும். கணக்குப் பக்கத்தில் கருவிகள் பட்டியலைத் திறங்கள். தெரியாத கருவி, தெரியாத ஊர் இருந்தால், கடவுச்சொல்லை மாற்றி எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேற்றுங்கள். மின்னஞ்சலுக்கும் அதே கடவுச்சொல் என்றால் அதை முதலில் மாற்றுங்கள். இல்லாவிட்டால் இங்கே மாற்றியதை அங்கிருந்து திருப்பிவிடுவார்கள்.

## "ரத்து பண்ணியும் காசு போகுது"

செயலியை நீக்கினால் சந்தா நீங்காது. எத்தனை முறை சொன்னாலும் இது ஒன்றுதான் யாருக்கும் நம்பிக்கையாக இருப்பதில்லை. எந்த வழியாகச் சேர்ந்தீர்களோ அந்த வழியாகத்தான் வெளியேற வேண்டும்: ஆப்பிள் அல்லது கூகுள் பிளே மூலம் சேர்ந்திருந்தால் அங்கே உள்ள சந்தாப் பட்டியலில், போன் திட்டத்தோடு வந்திருந்தால் அந்த நிறுவனத்திடம், நேராகச் சேர்ந்திருந்தால் சேவையின் தளத்தில். வங்கிக் குறிப்பில் யார் பெயரில் பணம் போகிறது என்று பாருங்கள், விடை அதிலேயே இருக்கும்.

போன் திட்டத்தில் இலவசமாக வந்ததை மறந்து நேராகவும் கட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. வேறு மின்னஞ்சலில் இரண்டாவது கணக்குத் தொடங்கியிருந்தால் முதல் கணக்கில் எதுவும் தெரியாது. பழைய மின்னஞ்சல்களில் 'ரசீது' என்று தேடுங்கள்.

ரத்து உறுதி மின்னஞ்சல் கையில் இருந்தும் அடுத்த மாதம் பணம் போனால், முதலில் சேவைக்கு எழுத்தில் புகார். பதில் வராவிட்டால் வங்கியில் அந்தப் பணப் பிடித்தத்தை மறுத்து விண்ணப்பம். கார்டையே மாற்றுவது அதற்கும் பிறகு. மாற்றினால் மின்கட்டணம் முதல் எல்லாத் தானியங்கிக் கட்டணமும் அறுந்து, அந்த மாதம் முழுக்க அதைச் சரிசெய்யவே போகும்.